கீழ்வீட்டுக் கணப்பு

“நான் பகலெல்லாம் வீட்ல கெடக்கிறவன். நீங்க பகல்ல சலவைக்கடைக்குப் போயிடறீங்க. மண்ணெண்ணெய்க்கு மட்டும் ஆளுக்குப் பாதின்னா எப்படிங்க, வீட்டுக்காரம்மா?”

“இத்தனை வருஷமா இல்லாத நியாயம் இப்ப எங்கேர்ந்து வந்துச்சு, தொகாஷி-சான்?”

“மனசு உறுத்துதுங்க.”

“வீட்டுக்காரி எனக்கே உறுத்தல. குடியிருக்கிறவருக்கு என்ன உறுத்தல்?”

“இதான் உங்க கிட்ட குறை. யார் வேணா உங்கள ஏமாத்திட்டுப் போயிடலாம்.”

முதல் பனி விழுவதற்கு முன்பு, வீட்டுக்குப் பின்னால் எண்ணெய்த் தொட்டியின் அருகே நின்று இருவரும் பேசிய பேச்சு இது. பிப்ரவரி பிறந்த பிறகும் வீட்டுக்காரி கயானோவின் காதில் அது ஓடிக்கொண்டிருந்தது. காரணம், அன்று போகிற போக்கில் தொகாஷி சொன்ன இன்னொரு செய்தி. ஹகோதாதேயிலிருக்கும் அண்ணன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாராம். மார்ச் கடைசியில் வாடகை ஒப்பந்தம் முடிகிறதாம். யோசிக்க வேண்டுமாம்.

இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். “அண்ணன் சௌக்கியமா இருக்காரா?” என்று வெளியே வந்தது.

ஓதாரு நகரின் மலைச்சரிவில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் மாடி வீடு அது. கணவர் காலமான பிறகு கயானோ மாடியோடு நிறுத்திக்கொண்டு, கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டாள். வந்தவர் தொகாஷி. விடியும் முன்பே பனி வாரும் வண்டியை ஓட்டப் போய், ஊர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீடு திரும்புகிறவர். கலகலப்பும் இல்லை, முசுடும் இல்லை. அவர் வந்ததிலிருந்து வாசற்படியில் பனி தங்கியதே கிடையாது.

இரண்டு வீட்டுக் கணப்புக்கும் ஒரே தொட்டிதான். அதன் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் ஒரு சிவப்பு மிதவை உண்டு. எண்ணெய் இறங்க இறங்க அதுவும் இறங்கும். யார் எவ்வளவு எரித்தார்கள் என்பதை மட்டும் அது சொல்லாது. ஆகவே பிப்ரவரியில் தொகாஷி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வாரம் கீழ்க்கணப்பு மட்டும் எரியும், மறுவாரம் மேல்கணப்பு மட்டும். மிதவை எவ்வளவு இறங்குகிறது என்று குழாயில் கோடு போட்டுப் பார்ப்பது.

“கணப்பு இல்லாதவங்க சாயங்காலம் மத்தவங்க வீட்டுக்கு வந்து உக்காந்துக்கலாம்” என்றார், தொட்டியைப் பார்த்துக்கொண்டே.

சப்போரோவிலிருக்கும் மகள் மிவா தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, நீங்க ரெண்டு பேரும் அளக்கிறது எண்ணெயைத்தானே?”

“போடி, வாயாடி.”

முதல் வாரம் கீழ்க்கணப்பின் முறை. கயானோ தன் கணப்பை அணைத்துவிட்டு, உப்பிட்ட ஹெர்ரிங் மீனை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். தலையை வாரிக்கொண்டாள். குளிர் வந்ததும் அதையே சாக்காக வைத்துக் கீழே போகலாம், அவர் எதிரில் உட்கார்ந்தால் சொல்லவேண்டியது தானாக வந்துவிடும் என்பது அவள் கணக்கு. குளிருக்காகக் காத்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன குளிர் வரவே இல்லை.

தரைவிரிப்பில் கால் வைத்தால் வெதுவெதுப்பு. கூடத்தின் நடுவில், அவருடைய கணப்புக்கு நேர் மேலே, பால் காய்ச்சி இறக்கிய பாத்திரத்தின் அடியைப் போல இதமான ஒரு வட்டம். அதில் படுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வானமும் கடலும் ஒரே நிறத்தில் கலந்து கிடக்க, பனி இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க, பனி விழவில்லை, வீடுதான் மேலே மேலே மிதந்து போகிறது என்று தோன்றியது. கீழே வானொலியின் முணுமுணுப்பு. ஒரு செருமல். கரண்டி கிண்ணத்தில் படும் ஓசை. அந்த ஓசைகளும் சூட்டோடு சேர்ந்து பலகைகளின் வழியே ஏறி அவள் முதுகைத் தொட்டன. கண் செருகியது. கனவில் வீடு கப்பலாகித் துறைமுகத்தைத் தாண்டிப் போனது. அடித்தளத்தில் யாரோ விடாமல் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“குளிருதாங்க, வீட்டுக்காரம்மா?” மாடிப்படியின் கீழிருந்து குரல் வந்தது.

“கொஞ்சங்கூட இல்ல!” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாத வாய்.

மறுவாரம் மேல்கணப்பின் முறை. முதல் நாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரக் காணோம். இவளே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். குழாய் உறைந்துவிடாமல் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, வேலைக்குப் போடும் மேலங்கியும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றாமலே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மூச்சு புகையாக வந்தது.

“என்ன கோலம் இது?”

“பழகின குளிர்தானுங்க.”

“ஐஸ்பெட்டியில கெடக்கிற மீன்கூட உங்களவிட சௌகரியமா இருக்கும். ஏறுங்க மேல.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்…”

“நீங்க செத்துகித்து வெச்சாத்தான் எனக்குச் சிரமம். ஏறுங்கன்னா ஏறுங்க.”

ஆரஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். சால்மன் மீனும் உருளைக்கிழங்கும் கொதிக்கும் சாற்றை ஊற்றிக் கொடுத்தாள். பாதி குடித்ததும் உட்கார்ந்த வாக்கிலேயே உறங்கிப்போனார். இப்போது சொல்லலாமா? உறங்குகிறவரிடம் சொல்லி என்ன பயன்? கணப்பின் வெளிச்சம் அவர் நரைத்த புருவத்தில் அசைந்தது. கிண்ணத்தை மெல்ல அவர் கையிலிருந்து எடுத்தாள். கையை எடுக்க மட்டும் சற்றுத் தாமதமானது. அந்த வாரம் முழுக்க மாலைகள் இப்படித்தான் கரைந்தன. அவர் வருவார், சாறு குடிப்பார், உறங்குவார். அவள் பனியைப் பார்த்தபடி, சொல்லாததை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் தொட்டியின் மேல் குவிந்திருந்த பனியைத் தள்ளினார்கள். தொகாஷி குனிந்து கோடுகளைப் பார்த்தார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

“இது என்னடா கூத்து! உங்க வாரத்துலதான் அதிகமா இறங்கியிருக்கு.”

“நான் ஊதாரியா அப்ப?”

“அதில்லீங்க. சூடு மேலதானே போகும்? என் கணப்பு எரிஞ்சா ரெண்டு வீடும் காயுது. உங்களுது எரிஞ்சா கூரைதான் காயுது. நான் கீழ செத்த மீனாக் கெடந்தேன்ல?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பங்கு பிரிக்கவே முடியாது போல. கீழ்க்கணப்ப மட்டும் எரிச்சாப் போதும்.”

பிறகு கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே சொன்னார். “புதுசா வர்றவங்ககிட்ட இத மறக்காம சொல்லிடுங்க. நீங்க வெள்ளந்தி. உங்கள ஏமாத்திடுவாங்க. அதுக்குத்தான் போறதுக்கு முன்னால அளந்து வெச்சிடணும்னு நெனச்சேன்.”

கயானோ குழாயிலிருந்த கோடுகளைப் பார்த்தாள். உறுத்தல் என்று அவர் சொன்னதெல்லாம் இதுதானா? தான் இல்லாத குளிர்காலத்துக்காகவா இந்த மனிதர் கோடு போட்டுக்கொண்டிருந்தார்?

“அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னைக்குச் சாயங்காலம் ஃபோன் பண்றேன்னு சொல்லியிருக்கேன்.”

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. அவள் கம்பளிச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

“புதுசா யாரும் எனக்கு வேணாம், தொகாஷி-சான். ஹகோதாதேக்குப் போகாதீங்க. என்கூடவே இருந்துடுங்க.”