மாடிக்குச் சொன்ன விலை

தலைக்கு மேலே மனிதர் நடமாடும் சத்தத்துக்குச் சக்கரபாணி எட்டாயிரம் விலை சொன்னார். மாசத்துக்கு.

திண்டிவனத்தில் அந்தத் தெருவில் ஒரு மாடி வீட்டுக்கு அஞ்சாயிரத்துக்கு மேல் எவனும் தரமாட்டான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைக்கு விலை பேசி உட்கார்ந்தவர். எட்டு என்றால் எதிராளி நாலு என்பான். நடுவில் ஒரு டீ, ஊர் விசாரிப்பு, கொஞ்சம் பொய்க்கோபம். விலை என்பது அவருக்குப் பேச்சைத் தொடங்குகிற வார்த்தை. மனைவி வீரம்மாள் போனபின் அப்படிப் பேச ஆள் கிடைக்கவில்லை. டிவி பேசியது, ஆனால் அது பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

கேட்டு வந்தவள் தர்சினி. கிளியனூருக்கு அந்தப் பக்கம் உள்ள அகதி முகாமில் பிறந்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. கூட வந்த தாய்தான் கடல் தாண்டி வந்தவர். அந்த அம்மா குழாயைத் திருகினார், ஃபேனைப் போட்டுப் பார்த்தார், சமையலறையில் நின்று, "அடுப்பை இஞ்சால வைப்பம் பிள்ளை" என்றார். அந்த இடத்தில் சக்கரபாணியின் மனசில் அடுப்பு எரியவே தொடங்கிவிட்டது. நாலரைக்கே விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்தார்.

பக்கத்து வீட்டு அரங்கநாதன் கேட்டருகே நின்றிருந்தான்.

"கேம்ப் ஆளுங்களாண்ணே?"

"ஆமா. அதுக்கென்னா?"

"பாவந்தான், நான் இல்லன்னா சொல்றேன்? அங்க சண்டை நடந்தப்ப உண்ணாவிரதப் பந்தல்ல மூணு நாள் உக்காந்தவன் நான். ஆனா நம்ம தெருவுல வேணாண்ணே. நாளைக்குப் போலீசு வந்து விசாரிச்சிக்கினு நிக்கும். பேஜாரு."

அதற்குள் தாயும் மகளும் இறங்கி வந்துவிட்டார்கள். அரங்கநாதன் பார்த்துக்கொண்டிருக்கையில் விலையை இறக்கிச் சொல்ல நாக்கு வரவில்லை. எட்டு என்றார். சொல்லிவிட்டு, அவள் நாலு என்பதற்காகக் காத்திருந்தார்.

தர்சினி தாயைப் பார்த்தாள். மாடியைப் பூட்டி எடுத்து வந்த சாவியைத் தூசு துடைத்துச் சன்னல் கட்டையில் வைத்தாள்.

"பரவாயில்லை ஐயா. மத்த வீட்டுல கதவையே தொறக்கல. நீங்க வேணாம்னு வாயால சொல்லாம விலையால சொன்னீங்க. அதுவும் மரியாதைதான்."

இரும்மா, நீ ஒரு விலை கேளேன் என்று சொல்ல வாயெடுத்தார். அரங்கநாதன் முந்திக்கொண்டான்: "சூப்பர்ண்ணே. நோகாம கழட்டி வுட்டீங்க."

விலை படியாமல் மண்டியை விட்டுப் போகிறவர்கள் தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாயின் முழங்கையைப் பற்றியபடி மகள் முனை திரும்பினாள். இரண்டு பேரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கட்டிலில் படுத்தபோது மேலே ஏதோ கிரீச்சிட்டது. அந்த அம்மா போட்ட ஃபேன். சக்கரபாணி கணக்குப் போட்டார். சொன்னது எட்டு. நினைத்தது நாலரை. அவர்கள் வாய்திறந்து மூணு என்றிருந்தாலும் ஒரு டீயோடு முடிந்திருக்கும். வரவு, ஒரு சாவி. செலவுப் பக்கத்தில், ஆளில்லாத மாடிக்கு மீட்டர் யூனிட் ஏற்றிக்கொண்டிருந்தது. அவர் அணைக்கப் போகவில்லை.