தெருமுனை வரைக்கும்

நாகஜோதியின் புருஷன் முத்துப்பாண்டி நெஞ்சுவலியில் போய்விட்டான் என்று காலையில் போன் வந்தபோது, தாமரைச்செல்விக்கு ஏழாம் மாதம். கப்பலூர் கம்பெனியில் வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் இருவரும். தாமரைச்செல்விக்கு முதல் பிள்ளை கலைந்தபோது லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தவள் நாகஜோதி.

"பிள்ளத்தாச்சி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. நான் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு தாமரைச்செல்வியின் கணவன் சிவக்குமார் வண்டியை எடுத்தான். அவன் தலை மறைந்ததும் அவள் ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரத்தில் இறங்கினாள்.

பந்தல் வரைக்கும்தான் போக முடிந்தது. மகனைப் பறிகொடுத்த பாண்டியம்மாள், நாகஜோதியின் மாமியார், அந்தக் கோலத்திலும் இவள் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்தாள்.

"வராத தாயி! எங்க கேடு எங்களோட போகட்டும். ஒன் வயித்துல இருக்குறதாச்சும் நல்லா இருக்கட்டும்."

"ஒரே ஒருக்கா அவ கையப் பிடிச்சிட்டுப் போயிர்றேம்மா."

"ஒன் கால்ல வேணா விழுகுறேன் தாயி."

வைதிருந்தால் மீறிக்கொண்டு உள்ளே போயிருப்பாள். கையெடுத்துக் கும்பிடுகிறவளை என்ன செய்வது?

எதிர்ச்சாரியில் பூட்டிக்கிடந்த கடைப் படியில் உட்கார்ந்தாள். உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த வட்டத்தில் இவளுக்கும் ஓர் இடம் உண்டு, போகத்தான் வழியில்லை. கூட்டத்திலிருந்து இவளைப் பார்த்த சிவக்குமார் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நின்றான்.

மத்தியானம் எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது நாகஜோதி இவளைப் பார்த்துவிட்டாள். தாமரைச்செல்வி படியை விட்டு எழுந்தாள்.

"கிட்ட வராத தாமர" என்று நாகஜோதி கையை நீட்டித் தடுத்தாள். "வீட்டுக்குப் போ. போயிரு." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள்.

சாவு வீட்டில் போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. தாமரைச்செல்வி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சிவக்குமாரின் வண்டியில் ஏறினாள்.

வீட்டுக்குள் நுழையும் முன் பின்கட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வயிற்றுக்குள் பிள்ளை பலமாகப் புரண்டது. அப்படிப் புரளும்போதெல்லாம் முதலில் நாகஜோதிக்குத்தான் போன் போடுவாள். ஈரச் சேலையோடு, மொண்ட தண்ணீரை ஊற்றாமல் அப்படியே நின்றாள்.