அசிங்கமான வரி

மொத்தம்: சைபர்.

திரையில் அதைப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் ஆள் லிஸ்ட்டுக்கு, போன உயிர் திரும்பி வந்தது. குளிர்கிடங்கில் அம்மோனியா குழாய் வெடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அங்கே உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் கேட்டில் கார்டைத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பும் டேட்டாபேஸில் ஒரு வரி. அத்தனை வரிகளையும் பிரிவுவாரியாகச் சேர்த்து, எந்தப் பிரிவில் எத்தனை பேர் உள்ளே என்று எண்ணிச் சொல்லும் குவெரி என்ற கட்டளை அவன் எழுதியது. அவனுக்கு லிஸ்ட்டு என்ற பட்டப்பெயரே அதனால்தான் வந்தது.

பேக்கிங் சைபர், லோடிங் சைபர், மெஷின் ரூம் சைபர்.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க சார்," என்று தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னான். ஆள் தேடப் புறப்பட்டவர்கள் வால்வை மூடும் வேலைக்குத் திரும்பினார்கள்.

பிறகு கூட்டத்தில் மனைவியைத் தேடினான். அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான். இவன்தான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த வேலை. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டான், ஆளைக் காணோம். போன் போட்டான். செக்யூரிட்டி அறைச் சுவரில், வேலைக்குப் போகிறவர்கள் போனை வைத்துவிட்டுப் போகும் அலமாரியில் அது அடித்தது. வீட்டுக்குப் போகும் எவரும் போனை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

காலையில் கேட்டில் அவள் கேட்டது அப்போதுதான் உறைத்தது. "உங்க லிஸ்ட்டுல நான் வந்துட்டேனா?"

"போய் வேலையப் பாரு," என்றிருந்தான் இவன்.

அவள் லிஸ்ட்டில் வரவில்லை. வர மாட்டாள். புது ஆட்களுக்குப் பிரிவை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது ஆபீஸ் வழக்கம். பிரிவு இல்லாதவர்களெல்லாம் ஒரே குவியலாகச் சேர்ந்து, அறிக்கையின் அடியில் பெயரில்லாத ஒரு வரியாக நிற்பார்கள். போன மாதம் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, மொட்டையா ஒரு வரி? அசிங்கமா இருக்கு, தூக்கிடு," என்றார். லிஸ்ட்டும் மறுபேச்சுப் பேசாமல், பிரிவு காலியாக இருப்பவர்களைச் சேர்க்காதே என்று குவெரியில் ஒரு நிபந்தனையைப் போட்டான். அறிக்கை பார்க்க லட்சணமாகிவிட்டது.

அந்த நிபந்தனையை அழித்து மறுபடி ஓட்டினான். அடியில் மொட்டையாக அந்த வரி வந்து நின்றது. அதற்கு நேரே மூன்று.

"சார், மூணு பேர் உள்ள இருக்காங்க!"

"இப்பத்தானய்யா சைபர்னு சொன்ன?"

"தப்பு சார். என் தப்பு. காலுல வேணா விழறேன், போங்க சார்!"

போனார்கள். இரண்டு பேரைத் தூக்கி வந்தார்கள், இருவரும் துப்புரவு வேலைக்கு வந்தவர்கள். ஒருவருக்குக் கண் திறக்கவே இல்லை. "அவ்வளவுதான், வேற யாரும் இல்ல," என்றார் முகமூடி போட்டிருந்த தீயணைப்பு வீரர்.

"மூணுங்க!"

"கார்டு தேய்க்காம எங்கயாவது ஓடியிருப்பாங்க. நீ ஒரு தடவ ஒண்ணு சொல்ற, மறுதடவ வேற சொல்ற. உன் கணக்க நம்பி என் ஆளுங்கள நான் திரும்பத் திரும்ப உள்ள அனுப்ப முடியாதுய்யா," என்றார் அதிகாரி.

அவர் சொன்னதில் என்ன குற்றம்? லிஸ்ட்டுக்கே தன் எண் மேல் நம்பிக்கை போய்விட்டது. எண்ணிக்கையை விட்டான். அதற்குள் அடங்கியிருந்த மூன்று வரிகளையும் தனித்தனியாகத் திறந்தான். மூன்றாவதாக அவள் பெயர். எட்டு ஐம்பத்திரண்டு, உள்ளே. பிரிவு: காலி. வெளியே வந்ததாக வரியே இல்லை.

நேற்று ராத்திரி அவள் புலம்பியதும் சேர்ந்து ஞாபகம் வந்தது. புதுசாக வந்தவர்களைப் பின்னால் ஜன்னல்கூட இல்லாத அறையில் அட்டைப்பெட்டி மடிக்க விடுகிறார்களாம். அரைக்காதில் கேட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தான்.

"பின்னாடி அட்டைப்பெட்டி ரூம் சார்! அவ போன் இங்க இருக்கு சார், போன விட்டுட்டு எங்க போவா? அவ என் பொண்டாட்டி சார்!" கத்திக்கத்திக் குரலே கிழிந்துவிட்டது.

அதிகாரி அவன் முகத்தைப் பார்த்தார். கையை அசைத்தார்.

ஏழு நிமிடம் கழித்துத் தூக்கி வந்தார்கள். ஆக்சிஜன் முகமூடியில் ஆவி படிந்தது, மறைந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை படிந்தது. லிஸ்ட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். "நான்தான்டி உன்ன லிஸ்ட்டுலேர்ந்து தூக்கினேன்," என்றான். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் நர்ஸ் அட்டையும் பேனாவுமாக நின்றாள். "பேர் எழுதிட்டேன். எந்தப் பிரிவுங்க இவங்க?"

அவன் அவள் கழுத்தில் கிடந்த கார்டைத் திருப்பிப் பார்த்தான். பிரிவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"தெரியலன்னா விடுங்க, காலியா விட்டுடறேன்," என்றாள் நர்ஸ்.

"விடாதீங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது.