பங்கு கேட்காதவர்கள்

1

இந்தக் கதை ஒரு தேடலில் பிறந்தது. வேறொரு கட்டுரைக்காக, புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்கு, அவற்றின் உரிமையில் பங்கு கேட்காமல் உதவும் திட்டங்கள் எவை என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தேன். கட்டுரை அன்றே படுத்துவிட்டது. ஆனால் இதையே வேலையாக வைத்துக்கொண்டு யார் தேடுவார்கள், பங்கைக் கொடுக்க அவர்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை.

கதைக்குள் முதலில் ஓர் இளைஞன் வந்தான். தாடி, மடிக்கணினி, உலகத்தையே மாற்றப்போகும்... (வேண்டாம். அவனை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.)

அவனை அனுப்பிய பிறகுதான் சின்னவள் வந்தாள்.

2

சின்னவளும் அவள் அக்கா பெரியவளும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆளுக்குப் பாதி. லிஃப்ட் ஓடும் சத்தத்தைக் கேட்டு, அது எப்போது மக்கர் பண்ணும் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள். அதற்குப் பாடம் எடுக்க நல்ல லிஃப்ட், கெட்ட லிஃப்ட் எல்லாவற்றின் சத்தமும் வேண்டும். இருவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினார்கள்.

நல்லதெல்லாம் சின்னவளுக்கு. பழுதானதில் அவளை ஏற விடமாட்டாள் பெரியவள்.

“அறுந்து விழுந்தா அம்மாவுக்கு ஒருத்தியாவது மிச்சம் இருக்கணும்ல?” என்பாள்.

பிறகு ஒரு முதலீட்டாளர் வந்தார். (அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது, அடித்துவிட்டேன். நல்ல மனிதர்தான்.) பணம் தருகிறேன், பங்கு கொடுங்கள் என்றார். பெரியவள் சரி என்றாள். நமக்கு நடுவில் மூன்றாவது ஆள் எதற்கு என்று சின்னவள் ஒற்றைக்காலில் நின்றாள். பேச்சு முற்றி, யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்பது வரை போனது. பெரியவள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய பாதி மட்டும் அவள் பெயரிலேயே இருக்கிறது.

மூன்றாவது ஆளைத் தடுக்கப்போய் இரண்டாவது ஆளைத் தொலைத்தாள். இந்த வாக்கியம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. உண்மையாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.

3

அப்போது பிடித்துக்கொண்டதுதான் இந்தத் தேடல். பங்கு கேட்காத உதவி ஒன்று கிடைத்துவிட்டால் அக்காவிடம் சொல்லலாம். அக்கா திரும்பி வருவாள். சின்னவளுக்கு வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு திட்டம் தன் பெரிய கணினிகளை இலவசமாகப் பயன்படுத்த விட்டது, தின்பதற்கு எதுவும் தரவில்லை. இன்னொன்று மானியம் என்று சொல்லிக்கொண்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பின்னாளில் பங்காக மாறும் கடன். ஒரு போட்டியில் ஜெயித்து ஒரு கேடயமும் ஏகப்பட்ட கைதட்டலும் வாங்கி வந்தாள். அம்மா கேடயத்தை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, பெரியவளுக்குப் போட்டோ அனுப்பினாயா என்று கேட்டாள். சின்னவள் அனுப்பவில்லை.

(இங்கே சின்னவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். அவளுக்கு அக்கா வேண்டுமா, தான் சொன்னதுதான் சரி என்று அக்கா வாயால் கேட்க வேண்டுமா? நான் கேட்டால் இரண்டும் என்பாள்.)

4

கடைசியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் திட்டம் அகப்பட்டது. ஒரு வருடத்துக்கு அறை, கணினிகள், செலவுக்கு மானியம். பங்கு வேண்டவே வேண்டாம். ஆனால் நேரில் செய்துகாட்ட வேண்டும்.

நிலையத்தார் தங்கள் கட்டடத்து லிஃப்டையே காட்டினார்கள். சின்னவள் ஏறிப் பதிவு செய்தாள். நன்றாக இருக்கிறது என்றது மென்பொருள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது லிஃப்ட்.

தேர்வுக்குழுவில் இருந்த பொறியாளர் அம்மாள் சிரிக்கவில்லை. பழைய பதிவுகளை வாங்கிக் கேட்டார். பழுதான லிஃப்டின் ஒவ்வொரு பதிவிலும் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெரியவளுக்குத் தூசி ஆகாது. கெட்ட லிஃப்டிலெல்லாம் அவள்தான் ஏறினாள். மூக்குச் சத்தம் கேட்டால் பழுது, கேட்காவிட்டால் நலம் என்று மென்பொருள் முடிவுகட்டியிருந்தது.

“இது பழுதைக் கத்துக்கலம்மா, உங்க அக்காவைக் கத்துக்கிட்டிருக்கு. அதை எடுத்துட்டு, திரும்பப் பழக்கிட்டு வாங்க. இடத்தை உங்களுக்கு வெச்சிருக்கோம்.”

சின்னவள் வீட்டுக்கு வந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அக்கா இருந்த இடங்களைத் தேடித் தேடி வெட்டினாள். சில இடங்களில் அக்கா தனக்குத்தானே ஏதோ பாட்டு முனகியிருந்தாள். அதுவும் போக வேண்டியதுதான். அழுதாள். (பாத்திரம் அழுவதை நேரடியாக எழுதாதே என்பார்கள் நண்பர்கள். அழுதாள்.) வெட்டியது போதாமல், பழுதான லிஃப்டுகளில் தானே ஏறிப் புதிதாகப் பதிவு செய்தாள். பயமாகத்தான் இருந்தது. அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றுதான் தோன்றியது.

இரண்டாவது முறை தேறிவிட்டாள்.

5

வெளியே வந்ததும் அக்காவை அழைத்தாள்.

“பங்கு எவ்வளவு கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கலக்கா.”

“அப்போ நீ சொன்னதுதான் சரி.”

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் அலைந்தாள். கேட்டாகிவிட்டது, மனசு நிறையவில்லை.

“அதுக்காகக் கூப்பிடலக்கா. நீ வந்துடு.”

“இங்க வேலை இருக்குடி. பாக்கலாம்” என்றாள் பெரியவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சின்னவள் சண்டை போட்டாவது இழுத்து வந்திருப்பாள்.

அந்த வார இறுதியில் நிலையத்தின் நிர்வாகி கேட்டார்.

“உங்க ரூம்ல ஒரு மேஜை போடட்டுமா, ரெண்டு போடட்டுமா?”

“ரெண்டு.”

6

முடிவு அ: கதவு திறந்தது. பெரியவள் பையோடு நின்றாள். (எழுதிவிட்டுப் படித்தேன். நான் கையைப் பிடித்துக் கூட்டி வந்த ஆளாக நின்றாள். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பெரியவள் கடைசி வரை... (முடிக்கக் கை வரவில்லை.)

என்னிடம் வேறு முடிவு இல்லை. மேஜை போட்டாகிவிட்டது. ஆளை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். சின்னவள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.