ஊற்றடியில் அறுத்த துணிகள்

செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை எங்கள் கில்ஃபெரன் ஊரில் ஓடைக்கரை நடை. பழைய மாவு ஆலையில் தொடங்கி, ஒற்றை வளைவுப் பாலம், கல்லறைக் காவல் வீடு, சலவைக் கற்கள் என்று பார்த்துக்கொண்டே போய் பிரைட் ஊற்றில் முடியும். பதினேழு வருடமாக வழிகாட்டி நான்தான். போன வருடம் ஓய்வுபெறும்வரை முப்பது வருடம் இதே ஊருக்குத் தபால் கொடுத்தவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் யாருக்கு எங்கே வலி என்பதெல்லாம் நெட்டாவைக் கேட்டால் தெரியும் என்பார்கள்.

இந்த வருடம் என் தங்கை எல்ஸ்பெத்தும் நடைக்கு வந்திருந்தாள். அதுவே எனக்குத் திருவிழா. பிப்ரவரியில் அவளால் படுக்கையிலிருந்து ஜன்னல்வரை நடக்க முடியவில்லை. நுரையீரல். மார்ச்சில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கோடையைத் தாண்டினால் பெரிது என்றார். ஊரே நல்லவள் என்று சொல்லும் பெண் அவள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பைபிள் கதை சொல்வாள், நோயாளி படுத்த வீட்டுக்கெல்லாம் சூப் கொண்டுபோவாள். என்னைப் பற்றிக் கேட்டால் ஊர் பேச்சை மாற்றும்.

டாக்டர் சொன்ன மறுநாள் அவளுடைய பழைய இரவுச் சட்டையின் கையை வெட்டி எடுத்தேன். அவள் தூங்கும்போது மார்பில் ஒற்றி, ஊற்றில் நனைத்து, மேலே நிற்கும் முள்மரத்தில் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். துணி வெயிலிலும் மழையிலும் நைந்துகொண்டே வந்தது. இருமலும் குறைந்துகொண்டே வந்தது. ஆகஸ்டில் எல்ஸ்பெத் கடைவரை தனியாகப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆலை வாசலில் வெளியூர்க்காரர்கள் ஒன்பது பேர், எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு பத்து பேர். மெல்லிய தூறல். நடைச் சங்கத்தின் செயலாளர் டார்க்வில் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். எடின்பரோவில் வேலைபார்த்து ஓய்வுபெற்று எட்டு வருடத்துக்கு முன் இங்கே குடிவந்தவர். அறுபத்தாறு வயதிலும் தினமும் காலையில் மலையேறி இறங்குவார். அந்த ஆரோக்கியத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

"நெட்டா, இந்தத் தடவை நீங்க அசந்து போவீங்க பாருங்க!"

"உங்களப் பாத்து தினமும் அசந்துதான் போறேன். என்ன விஷயம்?"

"ஊற்றைச் சுத்தம் பண்ணிட்டேன். விடிஞ்சதுலேர்ந்து அதே வேலை. மரத்துல தொங்கின கந்தல் பூரா அறுத்து எடுத்தாச்சு. நாலு மூட்டை! சாக்ஸு, பனியன், என்னென்னமோ. வெளியூர் ஆளுங்க வந்து பாக்கிற இடமா அது?"

எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். கறிக்கடை லாக்லன்தான் கேட்டான்.

"கையாலயா எடுத்தீங்க?"

"பின்ன, காலாலயா?"

"இல்ல, கையுறை கிய்யுறை..."

"துணிதானேப்பா. கடிக்கவா போகுது?"

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் அந்த மரத்தடியில் நிற்கும்போது கைக்குழந்தையின் கையைக்கூடத் தாய் பிடித்துக்கொள்வாள். துணி மக்க மக்க நோய் போகும். ஆள் குணமாகிவிட்டாலும், துணி முழுசாக மக்குமுன் வேறு யாராவது அதை எடுத்தால் நோய் எடுத்தவரிடம் போகும். கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட நம்புவதாகச் சொல்ல மாட்டார்கள். எட்டு வருடத்தில் டார்க்வில் யாரையாவது விசாரித்திருந்தாலும் "அதெல்லாம் பழைய கதை" என்று மழுப்பியிருப்போம். அது எங்கள் லட்சணம். தனக்கு வெட்கமானதை அடுத்தவனிடம் சொல்ல மாட்டோம், அவனாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எதிர்பார்ப்போம்.

எல்ஸ்பெத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாருக்கோ சீனி மிட்டாயை உடைத்துக் கொடுத்துக்கொண்டு, கன்னம் சிவக்க, நன்றாகத்தான் இருந்தாள்.

பாலத்தில் அதன் வளைவைக் கட்டின கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது டார்க்வில் தண்ணீர்ப் புட்டியைத் திறக்க முடியாமல் திணறினார். வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி நின்றது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினார், அது மறுபடியும் மடங்கியது. "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன் போல" என்று சிரித்தார். பின்னல் வேலை செய்யும் கிர்ஸ்டிக்கு மூன்று வருடம் அந்த விரல் அப்படித்தான் இருந்தது. தபாலுக்குக் கையெழுத்துப் போட அவள் படும் பாட்டை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். போன வருடம் சரியாகிவிட்டது. கிர்ஸ்டி தன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

காவல் வீட்டில் வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் ஆர்வம். புதைத்த பிணத்தைத் தோண்டி மருத்துவம் படிக்கிறவர்களுக்கு விற்ற காலத்தில், செத்தவனின் உறவினர்கள் துப்பாக்கியோடு முறைவைத்து உட்கார்ந்திருந்த அறை அது. நான் சொல்லி முடித்ததும் படியில் உட்கார்ந்திருந்த டார்க்வில் எழுந்தார். வலது காலை மடக்காமல் வெளிப்பக்கமாகச் சுழற்றி வைத்து நடந்தார். அந்த நடையை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் முன்புவரை லாக்லன் கடைக்குள் அப்படித்தான் நடப்பான், பையன்கள் அவனைப் போலவே நடந்து காட்டி அடி வாங்குவார்கள். லாக்லனின் கழுத்துவரை சிவந்தது. அவன் கால் நேராகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் பின்தங்கிவிட்டோம். முன்னால் போகும் டார்க்விலின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஒவ்வொருவரும் தன்னுடையது எப்போது வரும் என்று காத்திருந்தோம். பக்கத்தில் ஓடை மட்டும் சளசளவென்று ஓடியது. ஒரு வெளியூர்ப் பெண் "இந்த ஊர்க்காரங்க ரொம்ப அமைதி" என்று தன் கணவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

சலவைக் கற்களுக்கு வந்தோம். டார்க்வில் நின்று ஒரு கையைக் கல்லில் ஊன்றி இருமினார். மூன்று குட்டை இருமல், பிறகு ஒரு நீண்ட விசில். குளிர்காலம் முழுவதும் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து நான் எண்ணிய இருமல். அந்த அகலமான மார்பிலிருந்து அது ஒரு பெண்ணின் குரலில் வந்தது.

எல்ஸ்பெத் நின்றுவிட்டாள்.

"அக்கா. என்ன அது?"

"தூறல்ல நனைஞ்சா சளி பிடிக்காதா?"

"அது என் இருமல்."

"உளறாத."

"நீ ஏதாச்சும் கட்டினியா?"

"எனக்கென்ன பைத்தியமா? வா."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்தாள்.

ஊற்றடியில் மரம் மொட்டையாக நின்றது. கிளைகளில் துணி கட்டியிருந்த இடமெல்லாம் வெளுத்த வளையங்கள். அடியில் நான்கு கறுப்பு மூட்டைகள். இங்கே வழக்கத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். டொராண்டோவிலிருந்து வந்த ஒரு பெண், "யாராவது அவுத்துட்டா?" என்று கேட்டாள்.

"எடுத்தவங்களுக்கு வந்துடும்."

"ஐயோ! மாத்து வழி கிடையாதா?"

"இருக்கு. கட்டினவங்க அந்தத் துணியைத் திரும்பக் கையில வாங்கிக்கணும். வாங்கினா, நோய் முதல்ல எங்க இருந்துச்சோ அங்கயே போயிடும்."

டார்க்வில் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. காலைச் சுழற்றிச் சுழற்றி மூட்டைகள் பக்கம் போய், மடங்கிய விரலோடு ஒன்றின் முடிச்சை அவிழ்த்தார்.

"விளையாட்டுன்னே வெச்சுக்குவோம்" என்றார். "இதுல யாரோடதாவது இருந்தா வாங்கிக்கோங்களேன். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லல. காலைலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு."

அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சாம்பல்நிற சாக்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நம்ம ஊர்ல யாரு சார் இதெல்லாம் நம்புறா?" என்றான் லாக்லன். "போற வர்றவங்க கட்டினதா இருக்கும்."

பச்சைக் கம்பளி நூலால் பின்னிய துண்டை நீட்டினார். கிர்ஸ்டி குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்தாள். மூன்றாவதாக வந்தது சட்டைக் கை. நாலு நூல்தான் மிச்சம், அதில் நீலப் பூ. இன்னும் ஒரு மாதம் தொங்கியிருந்தால் மக்கி விழுந்திருக்கும், யாருக்கும் பாதகமில்லாமல். அதைப் பிடித்தபடியே இருமி, முடியாமல் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"தயவுபண்ணி... யாராவது..."

எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. மூச்சுக்குத் தவிக்கும் மனிதரை ஒரு வருடத்தில் இரண்டாவது முறையாகப் பார்க்கிறேன். கட்டியவள் நான், வாங்க வேண்டியவளும் நான். யாருடைய உயிரை எடுத்து யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்திருந்தும் என் கால் ஓரடி முன்னால் போனது. ஏன் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோட்டின் பின்பக்கம் இறுகியது. எல்ஸ்பெத் பிடித்திருந்தாள். எலும்பும் தோலுமான அந்தக் கையில் அவ்வளவு பலம்.

"வேணாம்க்கா" என்றாள், என் காதோரம்.

"எல்ஸ்பெத்..."

"மூச்சு விட முடியிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது."

பிறகு என்னைத் தாண்டிப் போனாள். தன் ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி டார்க்விலின் இடது கையில் கொடுத்தாள். படுத்த வீடுகளில் அவள் பேசும் அதே இதமான குரலில், "சூடாக் குடிங்க, நெஞ்சுச் சளி இளகும்" என்றாள். நீட்டியிருந்த துணியின் பக்கம் அவள் பார்வை போகவே இல்லை. அவர் நன்றி சொன்னார்.

நடை முடிந்தது என்று நான் அறிவித்தேன். வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் வரும் கோயில் மேடு செங்குத்து. பிப்ரவரியில் எல்ஸ்பெத்துக்கு அதைப் பற்றி நினைத்தாலே இரைக்கும். இப்போது என் கையைக் கோத்துக்கொண்டு ஏறினாள். கீழே ஊற்றடியிலிருந்து மூன்று குட்டை இருமலும் நீண்ட விசிலும் கேட்டன. நான் நின்றேன். எல்ஸ்பெத் நிற்கவில்லை, என்னை இழுத்துக்கொண்டு வேகமாக ஏறினாள்.