எண்ணெய் அடங்கும் வரை

மூன்று மணிக்கு வருகிறேன் என்று கேன்டீன் மேனேஜர் போன் செய்ததிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. வாழைக்காய்த் தோலைச் சீவும்போதும் திட்டு, மஞ்சள் தண்ணீரில் போடும்போதும் திட்டு. அத்தனையும் ஒரே ஆளுக்குத்தான். அடுப்படி மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காய்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர்.

"இன்னைக்காவது ஒழுங்கா சீவிக் குடுங்க. இன்னைக்கும் சொதப்பினா கடையைக் கட்ட வேண்டியதுதான்."

"சரிம்மா."

"சரிம்மா சரிம்மான்னு தலையாட்டியே ரெண்டு மாசம் ஓட்டிட்டீங்க."

அவர் அடுத்த காயை எடுத்துத் துடைத்தார். பதில் பேசியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முப்பது வருஷம் லேத்து ஓட்டிய மனுஷன். கண் மங்கிவிட்டது என்று பட்டறையில் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தது இந்த அடுப்புதான். பெரிய ஆலை ஒன்றின் கேன்டீனுக்கு வாரம் பத்து டின் வாழைக்காய் வறுவல். அவர் சீவுவார், அவள் பொரிப்பாள். ஐந்து வருஷத்தில் ஒரு டின் திரும்பி வந்ததில்லை. என்ன கண் பட்டதோ, இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் டின் திரும்பி வந்தது. வறுவல் சவசவவென்று இருக்கிறதாம். அதற்கப்புறம் மொறுமொறுப்பாகத்தான் போனது. ஆனால் டின்னைத் திறந்தால் பாதி தூள் என்று மறுபடியும் புகார். இன்றைக்கு மேனேஜரே நேரில் வந்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். சரியாக வந்தால் சரி, இல்லையென்றால் மெஷினில் போடுகிற கம்பெனிக்கு ஆர்டரைத் தூக்கிக் கொடுத்துவிடுவாராம்.

பொரிப்பதில் தன்னிடம் குறை இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவளுக்குப் பாம்புக் காது. தெருமுனையில் திரும்புகிற சைக்கிளைச் சத்தம் கேட்டே யாருடையது என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதை வைத்துத்தான் அவள் பொரித்தாள். சீவல் விழுந்ததும் எண்ணெய் கத்தும், உப்புத் தண்ணீரை விட்டால் இன்னும் எகிறும், ஈரம் வற்ற வற்றச் சத்தம் இறங்கிக்கொண்டே வந்து அடங்கும். அடங்கியதும் அள்ள வேண்டும். முந்தினால் வறுவல் தோல் மாதிரி வளையும், பிந்தினால் கருகும். மற்றவர்கள் வாணலிக்குள்ளேயே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் முதுகைக் காட்டிக்கொண்டு டின்னுக்கு மூடி போடுவாள், சத்தம் நின்றதும் திரும்பி அள்ளுவாள். அக்கம்பக்கத்தில் யாராவது கற்றுக்கொள்ள வந்தால், "பாத்து எடுக்காத, கேட்டு எடு" என்பதுதான் முதல் பாடம். அதைச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சீவல் பலகையைத் துடைத்து அவரிடம் கொடுக்கலாம் என்று கையில் எடுத்தவள், அப்படியே நின்றாள்.

அவர் தன் கையாலேயே செய்த பலகை அது. பக்கவாட்டில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் பிளேடு இறங்கும், ஏறும். வறுவலுக்குச் சரியான கனம் வந்த அன்றைக்கு, மாறிவிடக் கூடாதே என்று அவள்தான் திருகிலும் பலகையிலும் சேர்த்து நகப்பூச்சால் சிவப்புக் கோடு ஒன்று போட்டு வைத்திருந்தாள். இப்போது பலகையில் இருந்த கோடு ஒரு பக்கம், திருகில் இருந்த கோடு ஒரு பக்கம். அரைச் சுற்றுக்கும் மேலே மாறியிருந்தது.

"இதை யாரு திருப்பினது?"

அவர் துணியை மடியில் வைத்தார். "நான்தான்."

"நீங்களா! அடப்பாவி மனுஷா! சீவல் காகிதம் மாதிரி விழுதேன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். இப்படி மெல்லிசா சீவினா டின்னுல தூளாகாம என்ன ஆகும்? எதுக்குத் திருப்பினீங்க?"

அவர் மடியிலிருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"சொல்லுங்க! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"இன்னைக்கு ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்மா. நான் சொல்றதைக் கேளு."

"ஒண்ணும் கேக்க வேண்டாம். கண்ணு தெரியாதவர் கையில பலகையைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. ஐந்து வருஷத்தில் எத்தனையோ திட்டியிருக்கிறாள், அந்த வார்த்தையை மட்டும் எடுத்ததில்லை. அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் மணி மூன்றாகப் போகிறது, சமாதானம் பேச நேரமில்லை. திருகைத் திருப்பிக் கோட்டோடு கோட்டைச் சேர்த்துப் பலகையை அவர் மடியில் வைத்தாள்.

அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

"கோவிச்சுக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"மணி அடிக்குதும்மா."

"எந்த மணி?"

"வாசல் மணி. ரெண்டு தடவை அடிச்சாச்சு."

அவள் காதில் எதுவும் விழவில்லை. படபடப்பில் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் நல்ல மனுஷர்தான். ஆனால் சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கையோடு கொண்டுவந்த டின்னைத் திறந்து, அடியில் கிடந்த தூளைக் காட்டினார். அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு மணிக்கு எனக்கு மீட்டிங்மா. அதுக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லணும். ஆரம்பிங்க."

வீட்டுக்காரர் வாணலிக்கு மேலே பலகையைப் பிடித்துச் சீவினார். வட்ட வட்டமாக, ஒன்றுபோல, சரியான கனத்தில் விழுந்தது. எண்ணெய் கத்தியது. அவள் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை விட்டாள். படபடவென்று எகிறியது. ஜல்லிக்கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டுத் திரும்பி நின்று காகிதத்தை விரித்தாள். சத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது, நின்றது. அள்ளுவதற்குத் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம்..." என்றார் அவர், தயக்கத்தோடு.

"உங்க வேலையைப் பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு அள்ளிப் போட்டாள்.

மேனேஜர் ஆறும்வரை பொறுத்திருந்து, ஒன்றை எடுத்து இரண்டு விரலால் மடக்கினார். அது உடையவில்லை, வளைந்தது. கனம் சரி, காய் சரி, எண்ணெய் புதுசு. சீவினதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இதை நான் அங்க கொண்டுபோய் வைக்க முடியாது" என்று எழுந்தார் மேனேஜர்.

"சார், இன்னும் ஒரே ஒரு ஈடு" என்றார் வீட்டுக்காரர். இதுவரை யாரிடமும் எதையும் கேட்டு நிற்காத மனுஷன், கையைக் கூப்பாத குறையாகக் கேட்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

இரண்டாவது ஈட்டையும் சீவிப் போட்டுவிட்டு வீட்டுக்காரர் மூலை முக்காலிக்குத் திரும்பினார். எண்ணெய் கத்தியது, எகிறியது, இறங்கியது. இந்தத் தடவை அவள் திரும்பி நிற்கவில்லை. பயத்தில் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. ஜல்லிக்கரண்டியை உள்ளே விடப் போனவள் கை அந்தரத்தில் நின்றது.

ஒவ்வொரு சீவலைச் சுற்றியும் நுரை கொதித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நுரை கொதித்தால் சத்தம் வராமல் இருக்குமா? அவள் காதில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

வாசல் மணி ரெண்டு தடவை அடித்ததாம். போன வாரம் குக்கர் விசில் எத்தனை வந்தது என்று எண்ணத் தெரியாமல் பருப்பைக் குழைய விட்டாள், குக்கரைத்தான் திட்டினாள். வாசலில் வந்து கத்துகிற குருவிகளைக் கொஞ்ச நாளாகக் காணோமே என்று நினைத்தாள். திருகு. அரைச் சுற்று. அவள் சீக்கிரம் அள்ளிவிடுகிறாள் என்று தெரிந்து, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மொறுமொறுப்பாகட்டும் என்று இந்த மனுஷன் மெல்லிசாகச் சீவியிருக்கிறார். சீவிவிட்டுத் திட்டையும் வாங்கிக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் வாணலிப் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள். "எண்ணெய் அடங்கிருச்சா?"

மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவள், மூலையில் இருக்கிறவரிடம் கேட்கிறாள்.

"இல்லம்மா," என்றார் அவர்.

அவள் காத்திருந்தாள். சீவல் மஞ்சளிலிருந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. கருகினால் எல்லாம் போச்சு. கை தானாக வாணலிப் பக்கம் போனது. நாற்பது வருஷ அடுப்படிப் பழக்கம், எடு எடு என்று பிடித்துத் தள்ளியது. அவள் கரண்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப?"

"இல்ல. பொறு."

நுரை குறைந்தது. அவளுக்கு நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

"இப்ப எடு!"

ஒரே அள்ளு. காகிதத்தில் கொட்டினாள். மேனேஜர் ஒன்றை எடுத்து ஊதி, வாயில் போட்டார். அவர் தாடை அசைவதை அவள் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை. மனுஷன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்ததை எடுத்தார். மூன்றாவதையும் எடுத்தபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"இதைத்தாம்மா நான் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன். இதே மாதிரி அனுப்புங்க, எனக்கு மெஷினும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்றார் அவர். வாசல்வரை போனவர் திரும்பி, "ஆமா, எதுக்கு அவரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றார்.

மழுப்பிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"எனக்குக் காது மங்கிருச்சு சார். பேச்சு கேக்குது, இந்த மாதிரி சன்னச் சத்தம்தான் விழமாட்டேங்குது. இப்பதான் தெரிஞ்சுது. சீவினதுல தப்பே இல்ல, எல்லாத் தப்பும் என்னோடது."

மேனேஜர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, வீட்டுக்காரருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"முதல் டின்னு வந்ததுலேருந்து."

"ஏன் சொல்லல? நான் வாய்க்கு வந்தபடி பேசினேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்குக் கண்ணு போச்சுன்னு பட்டறையில பத்து பேர் நடுவுல வச்சு சொன்னாங்கம்மா. அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். உன்கிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே வார்த்தையை இன்று அவர் மேல் எடுத்து வீசியவள் அவள்தானே. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், காகிதத்திலிருந்து ஒரு வறுவலை எடுத்து அவர் கையில் வைத்தாள். தானும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மண்டைக்குள்ளே கடக்கென்று, அத்தனை பெரிதாக, அந்தச் சத்தம் கேட்டது.

"கேட்டுச்சா?" என்றார் அவர்.

"ம்," என்று தலையாட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முக்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போடுங்க. இந்த வாரத்துப் பத்து டின்னும் இருக்கு."