நிறம் மாறாத வெள்ளம்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மேஜைப் பெண் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம். என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆற்றில் வெள்ளம் எப்படி ஏறும் என்று கணிப்பது எங்கள் வேலை. மழை, அணைத் திறப்பு எல்லாம் கொடுத்தால் கம்ப்யூட்டர் வரப்போகும் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு படமாக வரைந்து தள்ளும். வரிசையாக ஓடவிட்டால் தண்ணீர் நகர்வது கண்ணுக்குத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு ஓடவிட்டேன். கரையோரத்து பம்ப் ஹவுஸைச் சுற்றி வெளிர்நீலம், அதாவது ஆழம் குறைவு. மாலை ஐந்து வரை அதே வெளிர்நீலம்தான்.

அந்த பம்ப் ஹவுஸில் என் அக்கா மெக்கானிக். மோட்டார்கள் தரைக்கு இரண்டு மாடி கீழே இருக்கின்றன. அங்கே செல்போன் எடுக்காது, படியில் இறங்கி ஏறவே பத்து நிமிடம் ஆகும்.

"ஒரு மோட்டார்ல பேரிங் போயிடுச்சு. நானும் ஒல்லியும் மாத்தணும். இறங்கலாமாடா?" என்று போனில் கேட்டாள். ஒல்லி அவளோடு வேலை பார்ப்பவன்.

"தாராளமா இறங்கு. அஞ்சு மணி வரைக்கும் தண்ணி இப்படியேதான் இருக்கும்."

"நீ சொன்னா சரி."

மூன்று மணிக்கு மேல் பக்கத்து மேஜைப் பெண் மெல்லத் தொண்டையைச் செருமினாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்தக் கலர் அளவுப் பட்டைய ஏன் மறைச்சு வெச்சிருக்கீங்க?"

"அது படத்துல பம்ப் ஹவுஸ் மேல வந்து உக்காந்து மறைக்குதும்மா. நீலம்னா தண்ணி. இது கூடத் தெரியாதா?"

"இல்ல சார், ஒவ்வொரு படத்துக்கும் அளவு தானா மாறுற மாதிரி இருக்கு."

பட்டையைத் திறந்தேன். இரண்டு மணிப் படத்தில் வெளிர்நீலம் என்றால் அரை மீட்டர். மூன்றரை மணிப் படத்தில் அதே வெளிர்நீலம் இரண்டு மீட்டர். ஐந்து மணிக்கு நான்கு. தண்ணீர் ஏற ஏற அளவும் கூடவே ஏறியிருக்கிறது, அதனால் நிறம் மட்டும் அப்படியே நின்றிருக்கிறது. பட்டையைப் பார்க்காமல் படத்தைப் பார்க்காதே என்று புதிதாக வருகிறவர்களை முதல் நாளே வறுத்தெடுப்பவன் நான்.

எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு வைத்து மறுபடி ஓடவிட்டேன். மூன்றரைக்குத் தண்ணீர் பம்ப் ஹவுஸ் வாசலைத் தாண்டியது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

அந்தப் பெண் தீயணைப்புக்கு போன் போட்டாள். நான் அக்காவின் செல்லுக்குப் போட்டேன், போகவில்லை. பம்ப் ஹவுஸ் மேலறை லேண்ட்லைனுக்குப் போட்டேன். அவசரத்தில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். பதினோராவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள், அக்காவே.

"அக்கா, மேலயா இருக்க?"

"ஸ்பேனர் எடுக்க இப்பதான் ஏறி வந்தேன். ஏன்டா மூச்சு வாங்குது?"

"உடனே வெளிய ஓடிடு. நான் தப்பாப் பாத்துட்டேன். தண்ணி வருது."

"ஒல்லி கீழ இருக்கான்."

"கத்திக் கூப்பிடு."

"மத்த மோட்டார் ஓடுதுடா, எப்படிக் கேக்கும்? அவன் வரலன்னுதான் சொன்னான். என் தம்பி பாத்துச் சொல்லிட்டான், பயப்படாதன்னு நான்தான் இறக்கிவிட்டேன்."

"நீ போகாதக்கா. உன் கால்ல விழறேன்."

"எத்தனை நிமிஷம் இருக்கு? அத மட்டும் சொல்லு. நீ சொன்னா போறேன்."

திரையைப் பார்த்தேன். மூன்றரைக்கு இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. மதியம் நான் நம்பியதும் இதே திரையைத்தான். நேரம் இல்லை என்று சொன்னால் அக்கா பிழைப்பாள், கீழே ஒருவன் ஒன்றும் தெரியாமல் பேரிங் மாட்டிக்கொண்டிருப்பான்.

"பதினஞ்சு," என்றேன்.

"போதும்டா."

ரிசீவரை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். இரும்புப் படிகளில் அவள் இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.